தளவாய்ப் பட்டம் வந்த விதம்

திருத்தணி
12.1.2024

அன்புத் தங்கை ஹம்சாவுக்கு,

அண்ணன் தீனதயாளன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி அபிராமசுந்தரியும் சுகம். என் முழங்கால் மட்டும் மலைப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? புது மெஷினிலும் இரைச்சல்தான் கேட்கிறது என்று உன் மகள் சாய்லக்ஷ்மி சொன்னாள். போனில் கத்தி உன்னைச் சிரமப்படுத்த எனக்கு இஷ்டமில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் குடும்பமே கூடிப் படிக்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் சேனைமேட்டு முருகன் கோயிலுக்குப் புதுத் தேர் தயாராகிவிட்டது. நாற்பத்தோரு வருஷம் கழித்து, வருகிற பங்குனி உத்திரத்தன்று தேர் ஓடப்போகிறது. பரிவட்டம் வழக்கம்போல எனக்குத்தான். தேர்முட்டியில் ஒரு கல்வெட்டும் வைக்கிறார்கள். காவல்காரக் குடும்பமாக இருந்த நாம் தளவாய் வீடு ஆன வரலாறு அதில் வரும்.

சின்ன வயதில் நைனா சொல்லிச் சொல்லி நமக்குத் தலைகீழ்ப் பாடம். பாளையத்தில் இளவரசனுக்கும் அவன் சித்தப்பனுக்கும் பட்டத்துச் சண்டை. இளவரசன் நம் குன்றில் ஒளிந்திருந்தபோது, நம் நாகப்பனுடைய அண்ணன் எதிரிக்கு மலைப்பாதையைக் காட்டிக் கொடுத்தான். கூடப் பிறந்தவன் என்றும் பாராமல் நாகப்பன் அவனைப் பிடித்து இளவரசன் முன் நிறுத்தினார். அவனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். நாகப்பனுக்குத் தளவாய்ப் பட்டம், குடை, ஐந்து ஊர் மானியம். கம்பும் நாயும் தவிர வேறில்லாத வீட்டுக்கு அன்றைக்கு வந்த பெருமை.

நைனா கடைசி நாட்களில் உன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார் அல்லவா? பழைய ஏட்டின் நகல் என்று ஞாபகம். அதை அனுப்பி வை. கல்லில் போடுகிற விஷயம், தேதி தப்பக்கூடாது.

அங்கே பிலாயில் குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். கம்பளியைப் போர்த்திக்கொள்.

உன் அண்ணன்,
தீனதயாளன்


பிலாய்
2.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹம்சாவின் நமஸ்காரம். உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும். குளிரில் விரல் மடங்கவில்லை. அண்ணியின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

பொட்டலம் பரண்மேல் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியவில்லை. சாய்லக்ஷ்மிக்கு லீவு கிடைத்தால் ஏறித் தேடச் சொல்கிறேன். அண்ணா, கல்வெட்டில் நாகப்பன் பெயரும் பட்டமும் போட்டால் போதாதா? அண்ணன்காரன் கதை எதற்கு? அவன் வம்சத்தார் அதே ஊரில்தானே இருக்கிறார்கள்.

அந்த வம்சத்துப் பூவம்மாள் எப்படி இருக்கிறாள்? நானும் அவளும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவள் மகன் பொதட்டூர்பேட்டையில் தறி போட்டு நன்றாக இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். தேர் வரும்போது அந்த வீட்டார் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை இந்தத் தடவையாவது விட்டுவிடலாம். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
ஹம்சா


திருத்தணி
12.2.2024

அன்பு ஹம்சாவுக்கு,

இங்கே யாவரும் நலம். சர்க்கரை நூற்றெண்பது. மாம்பழக் காலம் வருவதற்குள் குறைத்துவிடுவதாக உன் அண்ணி சபதம் செய்திருக்கிறாள்.

நீ எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. துரோகத்தைச் சொல்லாவிட்டால் விசுவாசம் எப்படித் தெரியும்? பரணில் தேட ஒரு மாதமா?

பூவம்மாள் மகன் விஜயன் போன ஞாயிற்றுக்கிழமை தட்டில் பழத்தோடு வீட்டுக்கு வந்தான். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். நின்றுகொண்டே பேசினான்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"ஆங், சொல்லு."

"தேர்ச்சீலை எங்க தறில நெய்ஞ்சது. கமிட்டில வேணாம்னு சொல்லாம வாங்கிக்கினாங்க. எங்க துணி தேர் மேல போவலாம்னா, எங்க கை வடத்துல பட்டா இன்னா சார் தப்பு? எங்கம்மா கண்ணால பாக்கணும்னு ஆசப்படுது. ஒரே ஒரு தபா."

அவன் கேட்டதில் மரியாதைக் குறைவு இல்லை. கமிட்டியில் பேசுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் கமிட்டியில் நான்கு பேர் இதைக் கேட்டே கொதிக்கிறார்கள். மார்ச் பதினெட்டாம் தேதி தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டமாம். என்னைத்தான் கேட்பார்கள். அதற்குள் நைனாவின் காகிதம் கையில் இருந்தால் எனக்குப் பேச வசதி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
தீனதயாளன்


பிலாய்
4.3.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் போய்விட்டது.

பொட்டலம் பரணில் இல்லை. என்றைக்குமே இல்லை. என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருபத்தேழு வருஷமாக இருக்கிறது. இத்துடன் அனுப்புகிறேன். ஆறு பக்கம். தெலுங்கு ஏட்டிலிருந்து கொள்ளுத்தாத்தா தமிழில் எழுதி வைத்தது. நாகப்பன் சாகும் தறுவாயில் சொல்லி எழுதவைத்த வாக்குமூலம்.

அண்ணா, மலைப்பாதையைக் காட்டியவர் நாகப்பன்தான். எதிரி ஆட்கள் கழுத்தில் கத்தி வைத்ததும் பயந்து சொல்லிவிட்டாராம். அவருடைய அண்ணன்தான் பாதையின் குறுக்கே ஒற்றை ஆளாக நின்று, உடம்பெல்லாம் வெட்டு வாங்கி, இளவரசன் தப்பிக்க நேரம் கொடுத்தவர். சண்டை ஓய்ந்ததும் யார் காட்டிக் கொடுத்தது என்று விசாரணை வந்தது. காயத்தோடு நினைவில்லாமல் கிடந்த அண்ணனைக் காட்டி, "இவன்தான்" என்று நாகப்பன் சொல்லிவிட்டார். சொந்த அண்ணனையே ஒப்புக்கொடுத்த விசுவாசி என்று பட்டம் கட்டினார்கள். தன் மானியத்தில் பாதியையும் பரிவட்டத்தையும் அண்ணன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும்படி கடைசிப் பக்கத்தில் கெஞ்சியிருக்கிறார். யாரும் கொடுக்கவில்லை.

நைனா இதை என்னிடம் கொடுத்து, "எரிச்சிடும்மா. தயாளன் கையில கிடைக்கக் கூடாது, அவன் தாங்கமாட்டான்" என்றார். நான் எரிக்கவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. இரண்டையும் செய்யாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், பதினெட்டாம் தேதிக்குள் வந்துவிடும். படித்துவிட்டு என்ன செய்யவேண்டுமோ செய்யுங்கள். எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

ஹம்சா


திருத்தணி
30.3.2024

அன்பு ஹம்சாவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது.

தேர்த்திருவிழா முடிந்தது. கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. கல்வெட்டும் திறந்தாயிற்று. கிழக்கு வீதி முனையில் மட்டும் ஒரு சின்ன அசம்பாவிதம். விஜயன் கால் தவறி விழுந்ததில் பாதத்தில் அடிபட்டுவிட்டது. சென்னைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

உன் தபால் திருவிழா அமளியெல்லாம் ஓய்ந்த பிறகுதான் கைக்கு வந்தது. நிதானமாகப் படிக்கவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தீனதயாளன்


பிலாய்
8.4.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியமா?

தபால் பட்டுவாடா ஆனதும் சாய்லக்ஷ்மி போனுக்கு செய்தி வந்தது. மார்ச் 9, காலை 11.40. பெற்றுக்கொண்டவர் அபிராமசுந்தரி. அண்ணி எங்காவது வைத்து மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படித்தானே?

விஜயனுக்கு எந்தக் கால்? எவ்வளவு அடி? தேர்ச்சக்கரமா?

ஹம்சா


பிலாய்
10.5.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். உங்களிடமிருந்து ஒரு மாதமாக வரியில்லை. சாய்லக்ஷ்மியை அண்ணிக்குப் போன் செய்யச் சொன்னேன். "உங்க அண்ணா யார்கிட்டயும் பேசறதில்ல, சாப்பாடு கூட அரைவயிறுதான்" என்றாளாம். விஜயனுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றும் அவள் மூலமாகத்தான் தெரிந்தது.

உங்களைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, தேரன்றைக்கு, பூவம்மாளுக்கென்று சுண்டலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. சந்து வழியாக அவள் கண் தெரிந்தது. "நாங்க வெளிய வரக் கூடாதுடி. நீ போ, உன்ன அடிப்பாங்க" என்றாள். தனக்கு இல்லாததை நினைத்து அவள் அழவில்லை. என்னை அடிப்பார்களே என்று பயந்தாள். நான் சுண்டலைத் தின்றுகொண்டே திரும்பி வந்தேன். நைனா காகிதத்தைக் கொடுத்த அன்றைக்கு எனக்கு அந்தக் கண்தான் தெரிந்தது. தெரிந்தும் ரயிலேறிவிட்டேன். புகுந்த வீடு, பிள்ளை, அவருடைய வைத்தியம் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. தளவாய் வீட்டுப் பெண் என்ற பெயர் எனக்கும் வேண்டியிருந்தது, அண்ணா.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஹம்சா


திருத்தணி
9.6.2024

ஹம்சாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

உன் தபால் மார்ச் ஒன்பதாம் தேதியே வந்தது. உன் அண்ணி கையெழுத்துப் போட்டு வாங்கி, அந்த நிமிஷமே என்னிடம் கொடுத்தாள். அவள் மேல் பழி போட நீ எனக்கு ஒரு வழி வைத்திருந்தாய். அந்த வழியில் போக ஒரு வாரம் ஆசைப்பட்டேன். 'அவள் மறதியாக அரிசி டின் மேல் வைத்துவிட்டாள்' என்று உனக்குக் கடிதமே எழுதி முடித்தேன். உறையை ஒட்டும்போது நாகப்பன் ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கே மூன்று தடவை படித்தேன். முதலில் வந்தது வருத்தமில்லை, ஹம்சா, பயம். ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. தளவாயர் என்பார்கள். பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு எழுபத்தொரு வயதில் நான் யாராக இருப்பது? தேர் ஓடி முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே சமாதானம் சொன்னேன்.

சமாதானக் கூட்டத்தில் அந்தக் காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் வைத்தால் யாராவது படித்துவிடுவார்கள் என்று எடுத்துப்போயிருந்தேன். அதிகாரி என்னைப் பார்த்து, "பெரியவரே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா இத்தோட முடிஞ்சிது. இன்னா சொல்றீங்க?" என்றார். எதிரே விஜயனும் பூவம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். "முன்னோருங்க வகுத்த முறைங்க. மாத்த எனக்கு அதிகாரம் இல்லீங்க" என்றேன். பூவம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதுபோல இருந்தது.

தேரன்று பரிவட்டம் கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். கிழக்கு வீதி முனையில் தேர் திரும்பியது. அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. பூவம்மாள் கற்பூரத்தட்டோடு வாசலில் நின்றாள். விஜயன் இறங்கி வந்து வடத்தின் மேல் கை வைத்தான். இழுக்கக்கூட இல்லை, தொட்டான். ஊரே என் முகத்தைப் பார்த்தது. நான் கத்தினேன்.

"காட்டிக் குடுத்தவன் வூட்டுக் கை வடத்துல படக் கூடாது! எட்றா கைய!"

எல்லாம் தெரிந்த பிறகு, இந்த வாயால் கத்தினேன். உடனே மூன்று பேர் அவனைத் தள்ளினார்கள். சக்கரத்தின் முன்னால் விழுந்தான். முட்டுக்கட்டை போடுவதற்குள் சக்கரம் வலது பாதத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது. அவன் அலறவில்லை. என்னைப் பார்த்து "சார்..." என்றான். அவ்வளவுதான். பூவம்மாள் கையிலிருந்த தட்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

போலீஸ்காரர் வந்து, "யாராவது தள்ளினாங்களா?" என்று என்னைக் கேட்டார். "கூட்டத்துல கால் தவறி வுழுந்துட்டான்" என்றேன். எழுதிக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

நாகப்பன் கழுத்தில் கத்தி இருந்தது. என் கழுத்தில் மாலைதான் இருந்தது.

தீனதயாளன்


பிலாய்
19.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். ஒரு வேளையாவது வயிறு நிறையச் சாப்பிடுங்கள். அண்ணியைக் கலங்க விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைச் சாய்லக்ஷ்மியிடம் கூடக் காட்டவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை. வந்தாலும் சொல்லக்கூடாது என்று தோன்றுகிறது. நான் இருபத்தேழு வருஷத்தில் ஏதாவது ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால், அவன் கால் இருந்திருக்கும். இதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

பூவம்மாளிடம் போங்கள். போலீஸ், கமிட்டி எல்லாம் அதற்குப் பிறகு. காகிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அது அவர்களுடையது.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னிடம் இத்தனை வருஷம் இருந்தது என்று மட்டும் அவளிடம் சொல்லவேண்டாம். நானே ஒரு நாள் அவளுக்கு எழுதுகிறேன். இப்படிக் கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹம்சா


திருத்தணி
3.8.2024

அன்புத் தங்கை ஹம்சாவுக்கு,

ஆசீர்வாதம். உடம்பு பரவாயில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையில் ஏகக் கூட்டம். வாசல் வழியாகப் போன காவடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷம் படியேறவில்லை, முழங்காலைச் சாக்காகச் சொன்னேன்.

ஜூலை இரண்டாம் தேதி சேனைமேட்டுக்குப் போனேன். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், முதலில் கொடுத்தது பொய் வாக்குமூலம் என்று எழுதிக் கொடுத்தேன். நான் கத்தியதையும் எழுதினேன். தள்ளிய மூவர் பெயரும் சொன்னேன். வழக்கு நடக்கிறது. என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கமிட்டிக் கூட்டத்தில் ஆறு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தேன். நாலு பேர் எழுந்து போனார்கள். ஒருவன், "கெழவனுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சி" என்றான். இனி பரிவட்டம் கட்டிக்கொள்ளமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்வெட்டை எடுக்க மூன்று வாரம் இழுத்தார்கள். போன வாரம்தான் ஆள் விட்டுப் பெயர்த்தேன். உன் அண்ணி என்னோடு பேசுகிறாள், ஆனால் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு எங்களுக்குப் பத்திரிகை வருவது நின்றுவிட்டது.

இதெல்லாம் எழுதச் சுலபம். பூவம்மாள் வீட்டில் நடந்ததை எழுதத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

விஜயன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். பழக்கம். முடியவில்லை. அதைக் கண்டதும் நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்தேன். பூவம்மாள் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டாள். முடித்தபோது வெளியே ஆட்டோ ஒன்று போயிற்று.

"இத எப்பங்க படிச்சீங்க?" என்றாள்.

"மார்ச் ஒம்பதாம் தேதி."

"தேரு இருபத்தஞ்சி." விரல் விட்டு எண்ணினாள். "பதினாறு நாளு."

நான் காலில் விழப் போனேன். அவள் ஒதுங்கிக்கொண்டாள். "வாணாங்க. நீங்க வுழுந்தா நான் ஏந்திருங்கன்னு சொல்லணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

விஜயன் ஒரே கேள்விதான் கேட்டான். "போலீஸ்ல சொல்வீங்களா சார்?" சொல்வேன் என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

புறப்படும்போது பூவம்மாள் வாசல்வரை வந்தாள்.

"அவரு பேரு இன்னாங்க?"

யாரென்று எனக்குப் புரியவில்லை.

"எங்க பெரியவரு. தூக்குல போட்டாங்களே, அவரு. எங்க வூட்ல தொங்கனவருன்னுதான் சொல்வாங்க. பேர வாய்விட்டுச் சொன்னா அடி வுழுன்னு வுட்டுட்டாங்க. எங்கப்பனுக்கே தெரியாது. இதுல எழுதிக்கீதா?"

"தணிகாசலம்" என்றேன்.

இந்தத் திருத்தணியில் தெருவுக்கு நாலு தணிகாசலம், ஹம்சா. நம் வீட்டில் மட்டும் இருநூறு வருஷமாக ஒருவருக்கும் அந்தப் பெயர் வைத்ததில்லை. ஏனென்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் அந்தப் பெயரை இரண்டு மூன்று தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "டேய் விஜி, தணிகாசலமாம்டா" என்றாள். அவள் குரல் உடைந்தது அப்போதுதான்.

பிறகு என்னிடம், "இந்தக் காகிதம் யார்கிட்ட இருந்திச்சி?" என்றாள்.

நைனாவிடம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். பொய்யும் இல்லை. நீ கேட்டுக்கொண்டது ஞாபகம் இருந்தது. ஆனால் அவள் முகத்துக்கு நேராக இன்னொன்றை மறைக்க என்னால் முடியவில்லை. நீ என்னைக் கோபித்துக்கொள்வாய்.

"ஹம்சாகிட்ட" என்றேன்.

"அவளுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தினி வருஷமா?"

சொன்னேன். அவள் இந்தத் தடவை விரல் விட்டு எண்ணவில்லை. "அவளுக்குக் காது கேக்கலன்னாங்களே, இப்ப எப்பிடி கீறா?" என்று கேட்டாள்.

அப்படியேதான் இருக்கிறாள் என்றேன்.

உன் அண்ணன்,
தீனதயாளன்